வெள்ளிப் புகைவண்டி ஓட்டிய வேந்தர்

சென்ற கோடை விடுமுறையை உளுந்தூர்பேட்டையில் என் பெரியப்பாவின் இல்லத்திற் கழித்தேன். கல்வராயன் மலை மேற்கே நெடுந்தொலைவில் இருத்தலின் அதன் குளிர்ச்சி அவ்வூரை எட்டுவதில்லை. எட்டுவன சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சேலத்துக்கும் விரையும் வண்டிகளின் இரைச்சலும், அவை எழுப்பும் புழுதியுமே. பெரியப்பா இருப்புப்பாதைத் துறையில் சிக்னல் பிரிவிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாத மனத்தினராதலின், கொல்லையில் நிற்கும் ஆறு தென்னைகளையும் ஒரு மாமரத்தையும் சுற்றி, 45 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு தண்டவாளம் பதித்து, மாதிரி வண்டி ஓட்ட முற்பட்டிருந்தார். மேனாட்டார் இதனைத் தோட்ட இரயில் என்பர். செருமனி நாட்டு லேமன் தொழிலகத்தார் 1968 இல் எல்.ஜி.பி. என்னும் பெயரால் வெளியிட்ட வண்டிகளே இவ்வகலத்தை உலகெங்கும் பரப்பின. பெரியப்பாவிடம் எஞ்சின்கள் மூன்று. அவற்றை ஓட்டத் துடிக்கும் பேரப்பிள்ளைகள் இருவர். தீராத ஐயம் ஒன்று. அம்மூன்று எஞ்சின்களையும் ஆளுதற்கு எம்முறையைத் தெரிந்தெடுப்பது என்பதே அவ்வையம்.

தமிழ் பயிலும் எனக்கு மின்சாரத்தின் இயல்பு அதிகம் தெரியாது. பெரியப்பா சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் ஈண்டுக் கூறுவேன். பழைய முறையில் திருகுகுமிழ் ஒன்று உண்டு. அதனைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்னழுத்தம் ஏறும், எஞ்சின் விரையும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி வரும். எளிய முறை, செலவும் குறைவு. ஆயினும் அப்பாதையில் எத்துணை எஞ்சின்கள் நின்றாலும் அத்துணையும் அந்த ஒரு குமிழுக்கே ஆட்படும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டின், பாதையை ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாத துண்டுகளாக்கித் துண்டுக்கொரு சுவிச்சு வைத்தல் வேண்டும்.

டிஜிட்டல் எனப்படும் எண்முறையிலோ தண்டவாளத்தில் மின்னழுத்தம் எப்போதும் முழுமையாகவே நிற்கும். அம்மின்சாரமே கட்டளையையும் சுமந்து செல்லும். அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகின்றது. ஒரு திசையில் நிற்கும் நேரம் குறுகியதாயின் அது ஒன்று என்றும், நீண்டதாயின் சுழியம் என்றும் கொள்ளப்படும். ஒரு நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால், குறுகிய நேரம் அதில் 58 பங்கு. நீண்ட நேரம் 100 பங்கும் அதற்கு மேலும். ஒன்றும் சுழியமுமாக அடுக்கிய அத்தொடரில் முதலில் எஞ்சினின் எண் வரும். பின்னர் அதற்குரிய கட்டளை வரும். ஒவ்வோர் எஞ்சினுள்ளும் டிகோடர் என்னும் சிறு தகடு இருந்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்றுப் பிறவற்றைக் கேளாததுபோல் விட்டுவிடும். லென்ஸ் என்னும் செருமானியர் வகுத்த முறையை அடியொற்றி, அமெரிக்க மாதிரி இரயில் சங்கத்தார் 1990 ஆம் ஆண்டுகளில் இதனைப் பொதுவிதியாக்கினர். அதனால் ஒரு தொழிலகத்தின் எஞ்சின் மற்றொரு தொழிலகத்தின் கருவிக்கும் பணிகின்றது.

மூன்றாவது வழியும் உண்டு. எஞ்சினுள்ளேயே பாட்டரியை வைத்து, வானொலி அலையால் ஆணையிடுவது அது. தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாமாதலின் புழுதிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. உளுந்தூர்பேட்டைப் புழுதியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆயின் பாட்டரியை நாடோறும் மின்னேற்ற வேண்டும். எஞ்சின் மூன்றாயின் பாட்டரியும் மூன்று.

ஒருநாள் மாலை தண்டவாளத்தின் அருகே கட்டில் போட்டு அமர்ந்திருந்தபோது, குவாலியர் அரண்மனையில் உணவு மேசைமீது வெள்ளியாலாகிய மின்சார இரயில் ஓட்டிய மகாராஜா ஒருவரைப் பற்றிப் பெரியப்பா சொன்னார். அவருக்கு இருந்தது ஓர் எஞ்சின், ஒரு பாதை, ஒரு கை. ஆதலின் இத்தகைய ஐயம் அவருக்கு எழவே இல்லை என்று சொல்லி நகைத்தார். அந்நகைப்பு என் உள்ளத்தில் தங்கிற்று. கல்லூரி திறந்ததும் நூல்நிலையத்தில் அவ்வரசர் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். விளையாட்டுப் பிரியர் ஒருவரைக் காண்பேன் என்று எண்ணிச் சென்ற யான், அதனினும் பெரியதொன்றைக் கண்டேன்.

குவாலியரை ஆண்ட மாதவராவ் சிந்தியா 1876 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாள் பிறந்தார். மராட்டியக் குடியினரான சிந்தியாக்களின் நாடு, ஆங்கிலேயர் காலத்தில் 21 பீரங்கி மரியாதை பெற்ற ஐந்து சமஸ்தானங்களுள் ஒன்று. தந்தையார் ஜயாஜிராவ் 1843 முதல் ஆண்டவர். 1857 இன் பெருங்கிளர்ச்சியில் தம் படையே தம்மை விட்டு நீங்கியபோதும் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். அதுபற்றி அவரைப் புகழ்வாரும் உளர், இகழ்வாரும் உளர். 1874 இல் ஜெய்விலாஸ் அரண்மனையைக் கட்டுவித்தவர் அவரே. அதன் கொலுமண்டபத்தில் மும்மூன்றரை டன் நிறையுள்ள இரண்டு சரவிளக்குகளைத் தொங்கவிடுமுன், கூரை தாங்குமோ என்று அறிதற்குப் பத்து யானைகளை அதன்மீது ஏற்றிப் பார்த்தனர் என்பர். யானை ஏறிப் பழுது காணாத கூரையைப் பற்றி எல்லாரும் எழுதுகின்றனர். ஜயாஜிராவ் 1872 இல் ஆக்ரா குவாலியர் இருப்புப்பாதைக்காக 75 இலட்சம் ரூபாய் கடன் கொடுத்ததைப் பற்றி எழுதுவார் சிலரே. மறுவருடமே இந்தூர் நீமச்சுப் பாதைக்கும் அத்துணைத் தொகை அளித்தார். எனவே, இருப்புப்பாதை மீது மாதவராவ் கொண்ட காதல் திடீரெனத் தோன்றியதன்று. வேறு குழந்தைகள் தந்தையின் வாளைப் பார்த்து வளர்ந்திருப்பர்; இக்குழந்தையோ தந்தையின் பணம் தண்டவாளமாக நீள்வதைப் பார்த்து வளர்ந்தது.

1886 ஆம் ஆண்டு சூன் 20 ஆம் நாள் ஜயாஜிராவ் மறைந்தார். மாதவராவுக்கு அப்போது வயது ஒன்பது. சிறுவர் அரியணையில் அமர்ந்தார். ஆட்சியைப் பிரதிநிதிச் சபையொன்று எட்டாண்டு நடத்திற்று. அரசர் என்று எல்லாரும் வணங்க, ஓர் ஆணையும் தம் ஆணையாகாத நிலையில் கழிந்த அவ்வெட்டாண்டுகளை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விசையெல்லாம் தம் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வேட்கை பின்னாளில் அவரிடம் அவ்வளவு மிகுந்து காணப்பட்டதற்கு, அக்காலமே வித்தாயிருக்கலாம். இது என் ஊகமேயன்றி நூலோர் சொன்னதன்று.

1894 இல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. வயது பதினெட்டு. ஏறத்தாழ என் வயதே. யான் தேர்வுத் தாளுக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் பருவத்தில் அவர் பல இலட்சம் மக்களுக்குத் தலைவரானார். ஆட்சித் துறை ஒவ்வொன்றையும் தாமே நேரில் நோக்கினார் என்பது அவரைப் பற்றி எழுதினோர் யாவரும் ஒருமுகமாகக் கூறுவது. படைப் பயிற்சியில் ஆர்வமும், கணக்கில் கண்ணும், அலுவல் முடியாமல் உறங்காத இயல்பும் உடையவர். 1897 இல் குவாலியர்க் கோட்டையில் சர்தார்களின் புதல்வர்க்கென்று அவர் நிறுவிய பள்ளி, இன்று சிந்தியா பள்ளி என்னும் பெயருடன் நாடறிந்து நிற்கின்றது.

இனி அவருடைய இரயிலுக்கு வருவோம். இளமையிலே தம் அரண்மனை வளாகத்தில் இரண்டடி அகலப் பாதை அமைத்து, வண்டி ஓட்டி மகிழ்ந்தார் என்பர். அரசர் விளையாட்டு அரண்மனை மதிலோடு நின்றிருப்பின் அவரைப் பற்றி எழுத யான் பேனா எடுத்திரேன். அவ்விளையாட்டு மதிலைக் கடந்தது. அதே இரண்டடி அகலத்தில் குவாலியரிலிருந்து பிண்டுக்கு 53 மைலும், சிப்ரி என்று அக்காலத்தில் வழங்கிய சிவபுரிக்கு 74 மைலும் பாதைகள் இடப்பட்டன. 1899 ஆம் ஆண்டு நவம்பரில் வைசிராய் அவற்றைத் திறந்து வைத்தார். பிறகு மேற்கே ஷியோப்பூரை நோக்கி மற்றொரு பாதை சிறிது சிறிதாக நீண்டு 1909 இல் முடிந்தது; அதன் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

இரண்டடி என்பது எவ்வளவு என்று நம்மவர்க்கு விளங்கச் சொல்வேன். நம் விழுப்புரம் விருத்தாசலம் பாதை அகலப்பாதையாக மாறுமுன் மீட்டர் அகலத்தில் இருந்தது. உதகைக்கு ஏறும் மலைவண்டியின் பாதையும் அவ்வகலமே. குவாலியர்ப் பாதை அதில் ஐந்தில் மூன்று பங்கு. டார்ஜிலிங்கு மலைவண்டியின் அகலம். இத்துணை ஒடுங்கிய பாதையைச் சமவெளியில் இருநூறு கிலோமீட்டர் நீட்டியது வியப்பன்றோ! பேரகலப் பாதைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்கு ஆகும். வளைவுகளில் எளிதில் திரும்பும். சிற்றூரின் வாயிலிலேயே நிற்கும். பெரிய நாடுகளின் பெரிய பாதைகள் பெருநகரங்களை இணைத்தன. இச்சிறு பாதையோ பெயரறியாச் சிற்றூர்களை இணைத்தது. அப்பாதைகள் திறந்த 1899 ஆம் ஆண்டுதான் நடு இந்தியாவையும் இராசபுத்தானத்தையும் பெரும்பஞ்சம் பற்றிய ஆண்டும் ஆகும். மழை பொய்த்த நிலத்தில் தானியம் கொணர மாட்டுவண்டியை நம்பி இருப்பதற்கும், தண்டவாளம் இருப்பதற்கும் உள்ள வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேற்றுமை. விளையாட்டாகத் தொடங்கியது எங்கே வந்து சேர்ந்தது என்பதை நோக்குக.

ஷியோப்பூர்ப் பாதையில் 2020 வரையிலும் வண்டி ஓடியது. கூரைமீதும் மக்கள் அமர்ந்து சென்ற அவ்வண்டியின் படங்களைக் கண்டோர் பலர் இருப்பர். அவ்வாண்டு பாதையை அகலமாக்கும் பொருட்டு அது நிறுத்தப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த விளையாட்டுப்பொருள் உலகில் வேறு உண்டோ, அறியேன்.

மாதவராவ் தண்டவாளத்தை மட்டுமன்றி அது செய்யப்படும் எஃகையும் எண்ணினார். தாதா இரும்பு எஃகு நிறுவனம் 1907 இல் தோன்றிற்று. அதன் நடைமுறைச் செலவுக்கென வெளியிட்ட நான்கு இலட்சம் பவுன் கடன்பத்திரம் முழுவதையும் ஒருவராகவே வாங்கிக்கொண்டவர் குவாலியர் மகாராஜா. இந்தியர் எஃகு வார்க்கும் நாளில் அதனைத் தாமே தின்றுவிடுவதாக ஆங்கில இருப்புப்பாதை அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தார் என்று கதை உண்டு. எஃகு 1912 இல் வார்க்கப்பட்டது. உலகப்போரில் தாதா தண்டவாளங்கள் கடல் கடந்தும் சென்றன. ஏளனம் செய்தவர் தம் சொல்லைக் காத்தாரோ இல்லையோ, மகாராஜாவின் பணம் வீண்போகவில்லை. 1921 இல் பிர்லா குடும்பத்தார் குவாலியரில் நிறுவிய பருத்தி ஆலை மகாராஜாவின் தந்தை பெயரைத் தாங்கியது.

கடலிலும் அவர் கை நீண்டது. 1900 இல் சீனத்தில் கலகம் எழுந்தபோது, தம் செலவில் மருத்துவக் கப்பல் ஒன்றை அனுப்பித் தாமும் படைத்தலைவர்க்குத் துணையாளராகச் சென்றார். முதல் உலகப்போர் மூண்டதும், கனடிய பசிபிக் நிறுவனத்தின் எம்பிரஸ் ஆவ் இந்தியா என்னும் கப்பலை வாங்கி, லாயல்டி என்று பெயர் மாற்றி, அதனையும் மருத்துவக் கப்பலாக்கினார். போர் ஓய்ந்தபின் அக்கப்பல் விற்கப்பட்டது. வாங்கியவர்கள், அவர் குடிப்பெயரையே தாங்கிய சிந்தியா கப்பல் நிறுவனத்தார். 1919 ஏப்ரல் 5 ஆம் நாள் லாயல்டி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இன்றும் இந்தியாவின் தேசியக் கடல்வாணிக நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஆங்கில அரசுக்கு விசுவாசம் காட்ட வாங்கி, விசுவாசம் என்றே பெயரும் சூட்டிய கப்பல், ஆங்கிலக் கப்பல் நிறுவனங்களோடு போட்டியிடப் புறப்பட்ட இந்தியக் கப்பலாயிற்று! இந்நகைச்சுவையை மகாராஜா உணர்ந்திருப்பார் என்றே நினைக்கின்றேன். வேடிக்கையில் அவருக்கு அளவற்ற விருப்பம்.

அவ்விருப்பத்தின் உச்சியே வெள்ளி இரயில். ஜெய்விலாஸ் அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் காட்சிச்சாலையாக உள்ளது. ஆங்குச் செல்வோர் அதனை இன்றும் காணலாம். விருந்து மண்டபத்தின் நெடுமேசைமீது தண்டவாளம் சுற்றி ஓடுகின்றது. புகைவண்டி என்று சொன்னாலும் புகையில்லை, மின்சாரத்தால் ஓடுவது. எஞ்சினுக்குப் பின்னே ஏழு பெட்டிகள். சிந்தியா என்னும் பெயரின் ஏழு ஆங்கில எழுத்துகளும் பெட்டிக்கொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பளிங்குக் குப்பிகளில் மதுவும், உடன் சுருட்டும் பிறவும் ஏறி, விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் சென்று நிற்கும். மதுவின் பொருட்டு ஓடிய வண்டியை மெச்சுதற்கு என் மனம் ஒப்பவில்லை. பாலும் பழமும் ஏற்றியிருப்பின் இக்கட்டுரை இன்னும் மகிழ்ச்சியோடு எழுதப்பட்டிருக்கும்.

ஆயினும் அதன் பொறியமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியை ஓட்டும் விசை மகாராஜாவின் கையில். விருந்தினர் ஒருவர் தம் முன் வந்த குப்பியைப் பெட்டியினின்று தூக்கிய மாத்திரத்தில் வண்டி தானே நின்றுவிடும். திரும்ப வைத்ததும் ஓடத் தொடங்கும் என்கின்றனர். இதனைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் எண்ணினேன். அந்நாட்டில் அரசர் ஆணையை நிறுத்தும் ஆற்றல் யாருக்கும் இல்லை. சபைகள் இருந்தன, அவை ஆலோசனை சொல்லும் அளவில் நின்றன. அந்த மேசையிலோ, ஒரு குப்பியைத் தூக்கும் விருந்தினர்க்கும் அவ்வாற்றல் இருந்தது. தம் விளையாட்டில் மகாராஜா பிறர்க்குக் கொடுத்த உரிமையைத் தம் ஆட்சியில் கொடுக்கத் துணியவில்லை.

அவ்வண்டியைப் பற்றி மற்றொரு கதையும் வழங்குகின்றது, நூலேறியும் விட்டது. வைசிராய்க்கு விருந்தளித்த ஓர் இரவில் மின்குறுக்கம் நேர்ந்து, வண்டி ஆள்வார் கைக்கு அடங்காமல் மேசையைச் சுற்றிச் சுற்றி விரைந்து, உண்பொருள்களை விருந்தினர் ஆடைமீது சிதறியடித்ததாம். கதையைக் கதையாகவே கொள்க. நம்பத்தகாததாக அதில் ஏதும் இல்லை. முழுப் பாதைக்கும் ஒரே மின்சாரம், ஒரே விசை. அந்த ஒன்று கெட்டபோது வேறு தடையில்லை.

அவர் விசைக்கு அடங்காமற் போனது அவ்வண்டி மட்டுமன்று. மாதவராவுக்கு மணமாகி மக்கட்பேறு இல்லாதிருந்தமையின், பரோடா மகாராஜா சாயாஜிராவின் மகள் இந்திராவை இரண்டாந்தாரமாகப் பேசி முடித்தனர். அவளினும் அவர் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு மூத்தவர். 1911 ஆம் ஆண்டின் தில்லி தர்பாருக்கு வந்த இந்திரா, கூச் பிகார் இளவரசர் ஜிதேந்திரரை விரும்பினாள். பெற்றோர்க்கும் அறிவியாது, தனக்கு இம்மணத்தில் விருப்பமில்லை என்று மாதவராவுக்கே நேராகக் கடிதம் எழுதிவிட்டாள். அதன் பொருளென்ன என்று குவாலியரிலிருந்து தந்தி வந்தபோதுதான் பெற்றோர் செய்தியை அறிந்தனராம். ஒரு சிறுபெண் ஒரு தாளில் எழுதிய சில வரிகள் இரண்டு பேரரசுகள் இட்ட பாதையைத் தடுத்து நிறுத்தின. அவள் 1913 இல் தான் விரும்பியவரையே மணந்தாள். மாதவராவ் சினந்து பழிவாங்கினார் என்று எங்கும் காணவில்லை. இது அவர்க்குப் பெருமையே. அவர் வேறிடத்தில் மணஞ்செய்து கொண்டார். மகளும், 1916 இல் மகனும் பிறந்தனர். இங்கிலாந்து மன்னர் பெயரையும் சேர்த்து அம்மகனுக்கு ஜார்ஜ் ஜீவாஜிராவ் என்று பெயரிட்டார்.

அவர் அன்னையிடம் கொண்ட பக்தி தனியே சொல்லத்தக்கது. சிவபுரியில் அன்னை சக்கியா ராஜே நினைவாக எழுப்பிய சத்திரி அமைதி மிக்க கட்டடம். இன்று அதன் எதிரே மகனுடைய சத்திரியும் வெண்பளிங்கில் நிற்கின்றது; தாயும் சேயும் குளத்தின் இருபுறம் அமர்ந்து ஒருவரையொருவர் நோக்கியிருத்தல் போன்ற தோற்றம் என்பர் கண்டவர்.

1925 ஆம் ஆண்டு மேனாடு சென்ற மாதவராவ், சூன் 5 ஆம் நாள் பாரிசு நகரத்தில் உயிர் நீத்தார். நாற்பத்தொன்பது வயது நிரம்பவில்லை. மகன் ஜீவாஜிராவுக்கு வயது எட்டு. ஒன்பது நிரம்ப மூன்று வாரங்களே இருந்தன. தந்தை அரியணை ஏறிய அதே பருவம்! மீண்டும் ஒரு பிரதிநிதிச் சபை. மீண்டும் ஆணையிட இயலாத ஒரு சிறுவர். 1936 வரையில் அந்நிலை நீடித்தது. துறை ஒவ்வொன்றையும் தம் கண்ணாலேயே பார்த்து, விசை ஒவ்வொன்றையும் தம் விரலாலேயே திருப்பிய ஒருவர் அயலூர் மருத்துவர் கைகளில் மறைந்தபோது, குவாலியர் அலுவலகங்களில் அன்று காலை யார் எக்கோப்பில் ஒப்பமிட்டிருப்பர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வயதில் தாம் பட்டதை அறிந்திருந்தும், தம் மகனுக்கு அதுவே நேராதபடி அவர் ஒன்றும் செய்துவைக்கவில்லையே என்பது அவர்மீது எனக்குள்ள ஒரே குறை. அவர் இரயில் மட்டும் நிற்கவில்லை; பிண்டுக்கும் சிவபுரிக்கும் ஷியோப்பூருக்கும் வழக்கம்போல் ஓடிற்று. அதற்கு நிலையந்தோறும் ஆள் இருந்தனர். 1948 இல் குவாலியர் மத்திய பாரதத்தோடு இணைந்தது. 1951 இல் அதன் பாதைகள் மத்திய இருப்புப்பாதையைச் சேர்ந்தன.

இவற்றையெல்லாம் நீண்ட கடிதமாகப் பெரியப்பாவுக்கு எழுதினேன். அவர் விடை இரண்டே பக்கம். அதிலும் ஒன்றரைப் பக்கம் நீல் டோக்கன் கருவியைப் பற்றியது. ஒற்றைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் புகாதபடி காப்பது அக்கருவி. ஓர் உலோகப் பந்தைக் கையிற் பெற்ற ஓட்டுநரே அடுத்த நிலையம் வரையுள்ள பாதையில் செல்லலாம். அப்பந்தை ஒரு நிலைய அதிகாரி தாமாக எடுக்க முடியாது. மறுமுனையிலுள்ள அதிகாரியும் தம் கருவியில் இசைவு தந்தால்தான் அது வெளிவரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இருமுனையிலும் மற்றொரு பந்து வராது. இருவர் மனம் ஒத்தாலன்றி ஒரு வண்டியும் நகராத அக்கருவிகளை முப்பதாண்டு பழுது பார்த்த தமக்கு, ஒரு குமிழால் மூன்று எஞ்சினை ஓட்டுவதில் உறக்கம் வராது என்று எழுதியிருந்தார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் உளுந்தூர்பேட்டை சென்றபோது எண்முறைக் கருவி வந்திருந்தது. மேசைமீது ஓடும் சிறு எஞ்சின்களுக்குப் போதும் மின்னோட்டம் இப்பெரிய எஞ்சின்களுக்குப் போதாது. விளக்கும் ஒலியும் சேர்ந்த பெரிய எஞ்சின் ஒன்றே சில ஆம்பியர் இழுக்கும். ஆதலின் மூன்றும் ஒருங்கே ஓடினாலும் தாங்கும் வலிவுள்ள கருவியைப் பார்த்து வாங்கியிருந்தார். டிகோடர் தகடுகளையும் பெரிய எஞ்சினுக்கென்று செய்தவையாகவே வாங்கினார்; சிறியது மலிவு, ஆயின் ஒரே வாரத்திற் கருகும் என்றார். பாதையை இரண்டு மின்வட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மின்பெருக்கி வைத்திருந்தார். ஆணையிடும் கைக்கருவி இரண்டு, பேரனுக்கொன்று, பேத்திக்கொன்று. தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். எஞ்சின்களுக்கு எண் சூட்டும் உரிமையில் பிள்ளைகள் தங்கள் வயதை இரண்டுக்கு இட்டனர். மூன்றாவதற்கு 1899 என்று எண் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார் பெரியப்பா.

முதல் நாளே மாமரத்து வளைவில் பேரனுடைய எஞ்சின் பாதை பிறழ்ந்து, இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தது. அந்த வட்டத்து மின்சாரம் இமைப்பொழுதில் தானே அறுந்தது. தென்னைப் பக்கத்தில் பேத்தியின் எஞ்சின் அதனை அறியாமல் விளக்கெரிய ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானுக்கு நீண்ட கையைப் பெரியப்பா திரும்ப மடிமீது வைத்துக்கொண்டார். பேரன் ஓடிச்சென்று எஞ்சினை நிமிர்த்தி வைத்தான். புழுதிக்கு மட்டும் இன்னும் தீர்வு காணவில்லை. தண்டவாளத்தில் அது படிந்தால் மின்சாரமும் செல்லாது, கட்டளையும் செல்லாது. ஆதலின் மாலைதோறும் பழைய வேட்டித் துணியால் தண்டவாளம் முழுவதையும் துடைக்கும் பணி, விடுமுறை முடியும்வரை எனக்கு விதிக்கப்பட்டது.